பன்னிரண்டு எபிசோடும் பார்த்தது அப்பாதான்

நைனா,

படம் பார்க்கிற ஆப்பில் உன் அக்கவுண்டை யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று அம்மாவிடம் போனில் புலம்பினாயாமே. பாஸ்வேர்டை மாற்றப்போவதாகவும் சொன்னாயாம். மாற்றாதே. யாரும் ஹேக் பண்ணவில்லை. நீ வீட்டில் விட்டுப்போன பழைய போன், அந்த மூலை உடைந்தது, அதில் உன் கணக்கு திறந்தபடியே கிடந்தது. வில்லியாக மறுபிறவி எடுக்கிற பெண்ணைப் பற்றிய அந்த ஜப்பான் பொம்மைப் படம், பன்னிரண்டு எபிசோடும் பார்த்தது நான்தான். ஒன்பதாவதை மட்டும் மூன்று முறை. இனிமேல் அந்த ஆப்பைத் திறந்தாலே கவுன் போட்ட பெண்களாக வரிசையில் வந்து நிற்பார்கள். அதற்கும் நான்தான் காரணம். ஐம்பத்திரண்டு வயசு, கனரக வண்டி லைசென்ஸ், முறுக்கு மீசை. இத்தனையும் வைத்துக்கொண்டு ஒருவன் இளவரசன் எப்போது காதலைச் சொல்வான் என்று காத்திருந்தான் என்றால், அந்த வெட்கத்தை நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

பார்த்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். காலை ஷிஃப்ட் ஆட்களை இருங்காட்டுக்கோட்டை ஃபேக்டரி கேட்டில் இறக்கிவிட்டால் மதியம் வரை வண்டிக்கும் எனக்கும் வேலை இல்லை என்பது உனக்குத் தெரியும். மற்ற டிரைவர்கள் பார்க்கிங்கில் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். நான் பஸ்ஸின் கடைசி சீட்டில் ஜன்னல் ஸ்கிரீனை இழுத்துவிட்டுக்கொண்டு ஹெட்செட்டோடு உட்கார்ந்தேன். தமிழிலேயே பேசுகிறார்கள், அதனால் பிழைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பார்க்கும்போதுதான் உன் அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். "யோவ், இன்னாயா கண்ணுல தண்ணி? வெங்காயம் நான்தான அரிஞ்சிகினு கீறேன்?" என்றாள். தூசி என்றேன். போனைப் பிடுங்கிப் பார்த்தாள். "இதுக்குத்தான புள்ளைய அந்த ஓட்டு ஓட்டுன? இப்ப நீ குந்திகினு அழுவுற. நல்லா கீதுயா உன் நியாயம்." திட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த எபிசோடை முழுசாகப் பார்த்தாள். "ஏன்யா, இந்த எளவரசன் ஷேவ் பண்ணிட்டானா, இல்ல முளைக்கவே இல்லியா?" என்று நடுவில் ஒரு சந்தேகம் கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

நீ பூனா பிளாண்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போகிறாய் என்பதும் தெரியும். "அப்பாகிட்ட இப்ப சொல்லாத, ரயில் ஏறினப்புறம் சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னாயாம். அவள் போனை வைத்த கையோடு சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே, சொல்லும்போது அழுதுகொண்டுதான் சொன்னாள். எட்டு மாசமாக நீ என்னோடு பேசவில்லை. பிள்ளைப்பாக்கத்தில் சொந்த வீடு இருக்க, இருங்காட்டுக்கோட்டையில் ஐந்து பேரோடு ஒரே ரூமில் படுத்துக்கொண்டு, என் பஸ்ஸில் ஏறாமல் ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகிறாய். அதையெல்லாம் கூப்பிடு தூரம்தானே என்று பொறுத்துக்கொண்டேன். பூனா கூப்பிடு தூரம் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. கிளம்பும்போது என்னிடம் "போயிட்டு வரேன்பா" என்று சொல்லிவிட்டுப் போ. சொல்லாமல் போனாலும் நியாயம் உன் பக்கம்தான். அது தெரிந்துதான் கேட்கிறேன்.

எங்கள் கம்பெனி பஸ் ஓட்டுநர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் தலைவருக்கு வாழ்த்து எழுதியிருப்பார்கள். நான் இதை எழுதுகிறேன்; ஒரு பக்கத்தில் அடங்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழையை மலர்க் குழு திருத்தட்டும், விஷயத்தைத் திருத்த வேண்டாம். உன் பெயரையும் இதில் வருகிற பெண்ணின் பெயரையும் எழுதப்போவதில்லை. தப்பு என்னுடையது, என் பெயர் போட்டால் போதும். மகனுக்கு எழுதுவதை ஏன் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறாய் என்று கேட்பாய். அதை அந்தப் பெண்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதற்கு வருகிறேன்.

முதலில் நடந்ததை, உனக்குத் தெரிந்ததையே, என் வாயால் சொல்லிவிடுகிறேன். நம் வண்டியில் மைக் உண்டு. டூர் போவதற்காக ஓனர் வைத்தது. நான் அதை ஷிஃப்ட் டிரிப்பிலும் விடவில்லை. தூங்குகிறவர்களை எழுப்ப, ஸ்டாப் பெயர் சொல்ல, யாராவது புதுச் சட்டை போட்டு வந்தால் ஒரு வார்த்தை விட. குன்றத்தூரில் ஏறும்போதே, "அண்ணே, இன்னிக்கு யாரு மாட்டுனா?" என்று கேட்டுக்கொண்டுதான் பையன்கள் ஏறுவார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை. அன்று காலை கண்ணாடியில் பார்த்தேன். மூன்றாவது சீட்டில் நீ. பக்கத்தில் உன் லைனில் வேலை செய்கிற தென்காசிப் பக்கத்துப் பெண். ஒரே போன், ஒரே ஹெட்செட், ஆளுக்கு ஒரு காது. திரையில் அந்த வில்லி. முந்தின நாள்தான் நீ அந்தப் படத்தைப் பார்த்து வீட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாய். எனக்கு வாய் நமநமவென்றது. மைக்கை எடுத்துவிட்டேன்.

"பயணிகள் கவனத்துக்கு! நம்ம வண்டில ஒரு வில்லியம்மா ஏறிக்கீறாங்க. மீசை வெச்ச வில்லியம்மா. நேத்து வூட்ல பொம்மைப் படத்தப் பாத்து தேம்பித் தேம்பி அழுதாங்க. இன்னிக்கு ஜோடியோட பாத்துகினு வராங்க. ஜோரா ஒரு தபா கை தட்டுங்க!"

வண்டியே தட்டியது. அந்தப் பெண் காதிலிருந்து ஒயரை எடுத்து உன் மடியில் வைத்துவிட்டு, எழுந்து கடைசி சீட்டுக்குப் போனாள். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். சிரித்தாய் என்றுதான் அன்று நினைத்தேன். கண்ணாடியில் பல் தெரிந்தால் சிரிப்பு என்று கணக்குப் போடுகிறவன் நான். முதல் சம்பளத்தில் எனக்கு ரோஸ் கலர் சட்டை வாங்கித் தந்தாயே, அன்றைக்கும் மைக்கில், "எம் புள்ள வாங்கித் தந்தான், பஞ்சுமிட்டாய்க்காரன் தன்னோடதுன்னு சண்டைக்கு வரான்" என்றேன். அன்றும் பல் தெரிந்தது. அந்தச் சட்டை எங்கே என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. பீரோவில் இருக்கிறது. மடிப்புக் கலையவில்லை.

கிண்டல் கேட்டோடு இறங்கிப்போய்விடும் என்று நினைத்தேன். அது உங்களோடு உள்ளே போய் அட்டெண்டன்ஸ் பஞ்ச் வைத்திருக்கிறது. லைனில் உன்னை வில்லி என்று கூப்பிட்டார்களாம். ஐடி கார்டில் உன் போட்டோவுக்குப் பேனாவால் கண் மை எழுதினார்களாம். சூப்பர்வைசரே ஒருநாள் "வில்லியம்மா, ஓ.டி. பாக்கறீங்களா?" என்று கேட்டாராம். எல்லாம் நீ அம்மாவிடம் சொல்லி, அம்மா எனக்குச் சொன்னது. எங்கள் பார்க்கிங்கிலும் டிரைவர்கள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும்தான் கூடவே சிரித்தேன். அதற்கு முன்னால் ஒருநாள் சாப்பிடும்போது நீ எனக்குப் புரியவைக்கப் பார்த்தாய். "அப்பா, அவ கெட்டவ இல்லப்பா. கெட்டவன்னு முன்னாடியே எழுதி வெச்சிட்டாங்க. அதைத் தாண்டி வரப் பாக்கறா, அவ்ளோதான்." நான் என்ன சொன்னேன்? "சரி, நீ அந்தக் கிண்ணத்தத் தாண்டி வந்து சாம்பார் ஊத்து." நீ ஊற்றினாய். அப்புறம் அந்தப் படத்தைப் பற்றி வீட்டில் பேசவே இல்லை.

அதனால்தான் பார்த்தேன். நீ சொல்ல வந்தது என்ன என்று பார்க்க. மலர் படிக்கிறவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். ஜப்பானில் ஆபீஸ் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி லாரி மோதிச் சாகிறாள். கண்ணைத் திறந்தால், தான் படித்த ஒரு காதல் கதைக்குள் இருக்கிறாள். கதாநாயகியாகப் பிறந்திருந்தால் பரவாயில்லை. அந்தக் கதையின் வில்லியாகப் பிறந்திருக்கிறாள். பெரிய ஜமீன் வீட்டுப் பெண், வேலைக்காரியை அறைகிறவள், கடைசியில் இளவரசன் சபை நடுவில் நிச்சயத்தை முறித்து நாட்டைவிட்டே துரத்தப்போகிறவள். கதை முடிவு இவளுக்குத் தெரியும். அது நடக்காமல் இருக்க நல்லவளாக நடக்கப் பார்க்கிறாள்.

குறையில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், தொழில் அப்படி. அந்த லாரி டிரைவர் என்ன ஆனான்? அவன் முகத்தைக்கூடக் காட்டவில்லை. பெண் அரண்மனையில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், அவன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பான். இரண்டு எபிசோட் வரை எனக்கு அவன் நினைப்பாகவே இருந்தது. அடுத்தது, பார்க்கிறவன் எல்லாம் அவளைக் காதலிக்கிறான். இளவரசன் சரி. தளபதி, தோட்டக்காரன், பாட்டு வாத்தியார், நாலாவது எபிசோடில் பல் பிடுங்க வந்த வைத்தியர் வரைக்கும். ஐந்தும் ஆறும் முழுக்க டான்ஸ்தான். அங்கே நான் உண்மையாகவே தூங்கிவிட்டேன், மதிய டிரிப்புக்கு ஹாரன் அடித்து எழுப்பினார்கள்.

நல்லதும் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. நம் சீரியலில் ஒருத்தி நல்லவளானால் இன்னொருத்தி கெட்டவளாகியே தீரவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஓடாது. இதில் அந்தக் கதாநாயகிப் பெண்ணும் இவளும் சிநேகிதம் ஆகிறார்கள். இருவரும் சேர்ந்து ரொட்டி சுட்டுக் கருக்கிவிட்டு அதையே தின்கிறார்கள். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்னொன்று, அவள் வாயைத் திறக்கும் முன்னால் ஒரு விநாடி நிற்கிறாள். இந்த வார்த்தையைச் சொன்னால் எதிரில் இருப்பவளுக்கு மூன்று எபிசோட் கழித்து என்ன ஆகும் என்று யோசிக்கிறாள். கதை தெரிந்தவள், அதனால் யோசிக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தால், எனக்கு மட்டும் என்ன தெரியாது? நாற்பது பேர் இருக்கிற வண்டியில் ஒரு பையனையும் பெண்ணையும் சேர்த்து மைக்கில் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு மறுபிறவி வேண்டுமா?

ஆறு எபிசோட் முடித்திருந்தபோது அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்தேன். வேறு வண்டிக்கு மாறிப்போயிருந்தவள், ரூட்டை மாற்றியதில் மறுபடி என் வண்டிக்கே வந்திருந்தாள், கடைசி சீட். குன்றத்தூரில் எல்லாரும் இறங்கிய பிறகு படிக்கட்டில் நிறுத்தினேன்.

"அம்மாடி, ஒரு நிமிசம். அன்னிக்கு மைக்ல பேசினது தப்பு. மன்னிச்சிக்கோ" என்றேன், மெதுவாக.

"எட்டு மாசம் கழிச்சா?"

"புத்தி லேட்டா வந்துச்சிமா. டிராஃபிக்."

அவள் சிரிக்கவில்லை. "எங்க அண்ணன் ஊர்ல இருந்து வந்து ஹாஸ்டல் வாசல்ல நின்னான், தெரியுமா உங்களுக்கு? வேலைய விட்டுட்டு இப்பவே கெளம்புங்கான். உங்க பஸ்ல உள்ளவன் எவனோ ஊருக்குச் சொல்லிருக்கான். நாலு நாள் நான் சோறு திங்கல. வார்டன் அம்மா பேசிப் பேசித்தான் அவன அனுப்பி வச்சாவ."

"தெரியாதும்மா."

"உங்களுக்கு என்னத்தத் தெரியும்? எல்லாவனுக்கும் கேக்க மைக்ல சொல்லிட்டு, இப்ப ஆளு இல்லாத எடத்துல வந்து காதோட மன்னிப்புக் கேக்கியளே, இது என்ன நியாயம்?"

"அந்தப் படத்த நானும் பாத்துகினு இருக்கேம்மா, ஆறு முடிஞ்சிது" என்றேன். அப்போதுதான் அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அப்ப ஏழு பாருங்க. அதுலயும் இந்தக் கூத்துதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். உங்கள் இருவருக்கும் நடுவில் இப்போது என்ன என்று நான் அவளிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்க மாட்டேன்.

ஏழாவதைப் பார்த்தேன். வேலைக்காரியை அந்த வில்லி முன்பு விருந்தில், அத்தனை பேர் முன்னால் அறைந்திருக்கிறாள். இப்போது நல்லவளாகிவிட்டாள் அல்லவா, அந்த வேலைக்காரியைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறாள். பின்னால் வயலின். வேலைக்காரி அழுது, மன்னித்து, அடுத்த காட்சியில் டீ போட்டுக் கொண்டுவருகிறாள். அந்த விருந்தில் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் அப்படியே இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் அவள் இன்னும் அறை வாங்கினவள்தான். கதை எழுதினவருக்கு அது உறைக்கவே இல்லை. எனக்கும் உறைத்திருக்காது, ஒருத்தி படிக்கட்டில் நின்று சொல்லாவிட்டால்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு, அது என்னைத் தூங்கவிடவில்லை. அந்த உடம்பில் முதலில் இருந்த வில்லி எங்கே போனாள்? அறைந்தவள் அவள். மன்னிப்புக் கேட்கிறவள் ஜப்பானிலிருந்து வந்தவள். தான் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பது எவ்வளவு சுலபம், கண்ணில் தண்ணீர் கூட அழகாக வரும். என்னை எந்த லாரியும் மோதவில்லை, நைனா. எனக்குள் வேறொரு நல்லவன் வந்து உட்காரவில்லை. மைக்கில் பேசின அதே வாய்தான் இப்போதும் இருக்கிறது. அந்த வாய்க்கு அன்று ருசியாக இருந்தது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நீ கூனிக் குறுகியது தெரிந்த பிறகும் இரண்டு நாள் அந்தக் கைத்தட்டலை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அதுதான் இப்போது கூசுகிறது.

ஒன்பதாவதை ஏன் மூன்று முறை பார்த்தேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். அந்த வில்லியின் அப்பா, கல்லுப்போல நிற்கிற ஜமீன்தார், கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்ட மகளுக்கு ஒரு தட்டில் சூப்போடு வந்து நிற்கிறார். கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறார். இறக்குகிறார். தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். நானும் வந்தேன், உனக்குத் தெரியாது. தீபாவளிக்கு மறுநாள், உன் ரூமுக்கு, இரண்டு பிரியாணிப் பொட்டலத்தோடு. மூன்றாவது மாடி. உள்ளே நீ யாரிடமோ ஏதோ சொல்லி உன் ரூமில் இருக்கிற மதுரைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வண்டியில் நீ அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் உள்ளே வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று தெரிந்தது. ஜமீன்தார் அளவுக்குக்கூட எனக்குத் தைரியம் இல்லை. பொட்டலத்தை வைக்காமல் திரும்பிவந்து பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டையும் நானே தின்றேன்.

அப்பன் என்று இருந்தால் இரண்டு புத்தி சொல்ல வேண்டுமாம். பூனாவில் ரூமில் இருப்பவர்கள் என்ன பார்க்கிறாய் என்று கேட்டால் போனைத் திருப்பி வைக்காதே. பொம்மைப் படம், பெண்கள் படம், எதுவானாலும் காட்டு. சிரிக்கிறவன் ஆறு எபிசோடுக்குள் அடங்கிவிடுவான், நானே சாட்சி. உனக்கும் என் வாய் கொஞ்சம் வந்திருக்கிறது, அந்த மூன்றாவது மாடியில் கேட்டேன். கிண்டல் பண்ணு, நிறையப் பண்ணு. ஆனால் யாரைப் பண்ணினாயோ அவன் முகத்தைப் பார்த்துப் பண்ணு, கண்ணாடி வழியாகப் பார்க்காதே. சுற்றி இருப்பவர்கள் தட்டுகிற கையை நம்பாதே. அது யாருக்கும் தட்டும்.

கிளம்புகிற நாளைச் சொன்னால் சென்ட்ரல் வரைக்கும் நான் கொண்டுவந்து விடுகிறேன். பஸ்ஸில் இல்லை, பைக்கில். வழியில் பேச மாட்டேன், ஹெல்மெட் போட்டிருப்பேன். பிளாட்பாரத்தில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு ஏறு. சொல்ல மனம் வராவிட்டால் கையையாவது ஆட்டு. அதுவும் வராவிட்டால் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் வந்துவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் என் வாயால் கேட்டுக்கொள். காலை ஷிஃப்ட், கேட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறக்கவில்லை. எழுந்து திரும்பி நின்று மைக்கை எடுத்தேன். "எட்டு மாசத்துக்கு முன்னாடி இதே மைக்ல எம் புள்ளையப் பத்தியும் ஒரு பொண்ணப் பத்தியும் பேசினேன். அது கேவலமான பேச்சு. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் கிடையாது. எம் புள்ள மேலயும் கிடையாது. உங்களக் கை தட்டச் சொன்னவனும் நான்தான். ரெண்டு பேருகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அந்தப் பேரச் சொல்லி இனிமே யாரையும் கூப்பிடாதீங்கப்பா" என்றேன். யாரும் தட்டவில்லை. கதவைத் திறந்தேன், வரிசையாக இறங்கினார்கள். அந்தப் பெண் கடைசியாக இறங்கினாள், "இப்ப கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வண்டி கோயில் டூர் போயிருந்தது. கூரைமேல் கட்டின ஹாரன் ஸ்பீக்கரின் ஒயரை நான் பிடுங்கவில்லை. ஷிஃப்ட் மாறுகிற நேரம், கேட்டில் பதினாலு வண்டி நின்றிருந்தன, அத்தனைக்கும் என் மன்னிப்பு கேட்டுவிட்டது. செக்யூரிட்டி வந்து வண்டி நம்பரை எழுதிக்கொண்டார். மறுநாள் ஓனருக்கு மெமோ வந்தது. காரணம் என்ற இடத்தில், "நுழைவாயிலில் முன் அனுமதியின்றி ஒலிபெருக்கி மூலம் மன்னிப்பு கேட்டது" என்று டைப் செய்திருந்தார்கள். ஸ்பீக்கரைக் கழற்றி செக்யூரிட்டி ரூமில் வைத்திருக்கிறார்கள். திருப்பித் தர ஆதார் நகல் இரண்டு வேண்டுமாம். நான் ஒன்றுதான் எடுத்துப்போயிருந்தேன்.